ஏற்காட்டுக்காரிக்குத் தண்ணீர்

2.2.1998, திங்கள்

ஏற்காட்டுக்காரியின் இலை நுனி கருகுகிறது. நேற்றைவிட இன்று ஜாஸ்தி.

பொங்கல் லீவில் ஆபீஸோடு ஏற்காடு டூர் போனபோது நர்சரியில் வாங்கி, வேன் குலுங்கக் குலுங்க மடியில் வைத்துக்கொண்டு வந்த பெரணி. ஹெட்கிளார்க் ராமகிருஷ்ணன் சார் வழி முழுக்கச் சிரித்தார். திருவண்ணாமலை வெயிலில் மனுஷனே கருவாடாகிறான், இந்தச் செடி கார்த்திகை தீபம் வரைக்கும் உயிரோடு இருந்தால் செக்‌ஷன் மொத்தத்துக்கும் பஜ்ஜி வாங்கித் தருகிறேன் என்றார். இருக்கும் சார் என்றேன். முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் எனக்கு, அப்புறம் தூக்கம் வராது.

நான் படித்தது பி.எஸ்ஸி. தாவரவியல். பெரணியின் வாழ்க்கைச் சுழற்சியை இன்றைக்குக் கேட்டாலும் படம் வரைந்து பாகம் குறிப்பேன். எப்போது தண்ணீர் ஊற்றுவது என்று மட்டும் அந்தப் பாடத்தில் இல்லை.

தப்பு போர்வெல் தண்ணீரில்தான். பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற உப்பு அவள் வேரிலும் படியாதா? இனி அவளுக்குக் குடிதண்ணீர். மேல்மண் காய்ந்தால் மட்டும். ஹாலில் நேர் வெயில் படாத மூலையில், ஸ்டூல் மேல். இதுதான் சட்டம்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் மாறன் ஓசூரிலிருந்து வரும்போது தன் அப்பாவையும் அழைத்து வருகிறார். ஐப்பசியில் அத்தை இறந்ததிலிருந்து மாமா அடி அண்ணாமலை வீட்டில் தனியாக இருந்தார். போன வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். அழைத்து வருவதுதான் நியாயம். ஆனால் மாறன் வாரம் முழுக்க ஃபேக்டரி குவார்ட்டர்ஸில். வீட்டில் நானும் மாமாவும்தான். என்ன பேசிக்கொள்வோம்?

8.2.1998, ஞாயிறு

மாமா வந்தாயிற்று. சாமான் என்று பார்த்தால் ஒரு மஞ்சள் பை. அதில் இரண்டு வேட்டி, ஒரு பித்தளை வேல், ஒரு செம்பு. வேலை மட்டும் எடுத்து அலமாரியில் நான் ஒதுக்கித் தந்த தட்டில் நிறுத்தினார். பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டார், வேட்டிகளோடு.

"மாசிப் பௌர்ணமி வரைக்கும் இருக்கறேம்மா. அன்னிக்கு மலை சுத்தும்போது அப்படியே வூட்டுக்குப் போய்டறேன்" என்றார். கிரிவலப் பாதையிலேயேதான் அவர் வீடு. வசதிதான்.

மாறன் என்னைப் பார்த்தார். நான் சாம்பாரைப் பார்த்தேன்.

20.2.1998, வெள்ளி

ஒன்று எழுத வேண்டும். சாயங்காலம் வேங்கிக்கால் ரோட்டிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பும்போது, வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் வார நாளில் நான் பூட்டைத் திறக்காமல் உள்ளே நுழைவது இப்போதுதான். மாமா டீ போட்டு மூடி வைத்திருக்கிறார். சர்க்கரை அள்ளிக் கொட்டுகிறார். குடிக்கிறேன்.

பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. அவர் அன்றைய பேப்பரைச் சொல்வார், நான் ராமகிருஷ்ணன் சாரைத் திட்டுவேன். நன்றாக இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது.

14.3.1998, சனி

மாசிப் பௌர்ணமி போய்விட்டது. முட்டி வலி, பங்குனிக்குப் பார்க்கலாம் என்றுவிட்டார். மஞ்சள் பை ஆணியிலேயே இருக்கிறது.

அவளுக்குப் புதுச் சுருள் ஒன்று வந்திருக்கிறது.

2.4.1998, வியாழன்

புதுச் சுருள் கறுத்துவிட்டது. தொட்டியில் எறும்பு. மண்ணில் ஒரு புளித்த வாடை. நான் தண்ணீர் ஊற்றி மூன்று நாளாகிறது, மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. எப்படி? வெளியே வறுத்தெடுக்கிறது, துணி அரை மணியில் காய்கிறது, இந்தத் தொட்டி மட்டும் காயாதா?

ஒருவேளை அடி ஓட்டை அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்தினேன். தண்ணீரை இன்னும் குறைக்கிறேன்.

19.4.1998, ஞாயிறு

குறைத்தும் பயனில்லை. பாதி இலை மஞ்சள். மண் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. உப்பா, பூஞ்சணமா? சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மறுபடி ஈரம். பேய் ஊற்றுகிறதா?

ராமகிருஷ்ணன் சார் தினமும் "பேஷண்ட் எப்படி இருக்காங்க?" என்கிறார். ஐசியூவில் என்றேன்.

மாமாவும் அவள் எதிரில் நின்று கவலையாகப் பார்க்கிறார். "வாடுதேம்மா" என்றார். ஆமாம் மாமா என்றேன். பங்குனியும் போய்விட்டது. அவர் ஊர்ப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் கிளம்பிவிடுவாரோ என்று.

5.5.1998, செவ்வாய்

கோபம் இன்னும் தீரவில்லை. எழுதிவிட்டால் அடங்குமா பார்க்கிறேன்.

நேற்று அக்னி ஆரம்பம். தலைவலி என்று இன்று பர்மிஷன் போட்டுப் பதினொரு மணிக்கே வந்துவிட்டேன். மாமா பூஜை முடித்து, செம்போடு ஹால் மூலைக்குப் போனார். ஸ்டூல் முன்னால் நின்றார். கண்ணை மூடினார். இரண்டு கையாலும் செம்பைப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல், அவள் தலையில் ஊற்றினார்.

பால். செவ்வாய்க்கிழமை வேலுக்குப் பாலபிஷேகம். மற்ற நாளில் மஞ்சள் தண்ணீர், விபூதித் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் என்று அவரே சொன்னார். நான் ஆபீஸுக்கும் சந்தைக்கும் போன பிறகுதான் அவர் பூஜை. வந்த நாளிலிருந்து தினமும் ஊற்றியிருக்கிறார்!

கத்திவிட்டேன். தெருவே கேட்டிருக்கும். "சாகடிச்சிட்டீங்களே மாமா! உங்க சாமித் தண்ணிய ஊத்த இந்த வூட்டுல வேற எடமே இல்லயா?"

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார். "கால் படாத எடத்துல ஊத்தணும்மா. இங்க மண்ணே இல்ல. எல்லாம் சிமெண்டு." செடியைப் பார்த்துக்கொண்டே, "உன் செடியாச்சே, சாமி தண்ணி குடிச்சா தழைக்கும்னு நெனச்சேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எங்கப்பா வீட்டில் சாமியே கிடையாது. கட்சிக்காரர். சாமி மேல் ஊற்றிய தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் என்னத்தைக் கண்டேன்?

6.5.1998, புதன்

நான் ஆபீஸுக்குக் கிளம்பும்போதே மாமா பூஜையை முடித்துவிட்டார். செம்பைத் துண்டால் மூடிக்கொண்டு, தெரு தாண்டி, காலி மனையில் இருக்கிற வேப்பமரத்துக்கு நடந்து போகிறார். முட்டியைப் பிடித்துப் பிடித்து. ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

கூப்பிட்டு, வேணாம் மாமா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை எனக்கு. திமிர்.

11.5.1998, திங்கள்

சித்ரா பௌர்ணமி. லீவு போட்டுவிட்டு மாமாவோடு விடியற்காலை மலை சுற்றப் போனேன். கோயிலிலிருந்து கிளம்பும்போதே அவர் தோளில் மஞ்சள் பை. கூட்டம் நெருக்கியது. ஆசிரமம் தாண்டி ஒரு டீ குடித்தோம். வாங்கிக் கொடுத்தது அவர்தான். கோபமாக இருந்தால் பரவாயில்லை, அவர் சாதாரணமாக இருந்தார்.

அடி அண்ணாமலை வந்ததும் தன் தெரு முனையில் நின்றார். "நீ சுத்தி முடிச்சிடு. பாதியில வுடக் கூடாது" என்றார்.

"நீங்களும் பாதியிலதான மாமா வுடறீங்க?"

"எனக்கு இதான் ஊரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மீதிச் சுற்றை நான் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. அழுதுகொண்டே போனால் கிரிவலத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, அது ஒரு சௌகரியம்.

வீட்டைப் பூட்டித்தான் வந்திருந்தேன். திறந்தேன். அலமாரியில் வேல் நின்ற இடத்தில் மஞ்சள் வட்டம் மட்டும் இருக்கிறது.

19.5.1998, செவ்வாய்

அவளைத் தொட்டியிலிருந்து உருவினேன். பாதி வேர் அழுகல். அழுகியதையெல்லாம் வெட்டி, கழுவி, இலைமக்கும் மணலும் தேங்காய் நாரும் கலந்து புதுத் தொட்டியில் நட்டேன். அடியில் தட்டு, தட்டில் கூழாங்கல், கல்லுக்குப் பாதி தண்ணீர். இந்த வெயிலில் அவளுக்கு வேண்டியது வேரில் தண்ணீர் அல்ல, காற்றில் ஈரம். சுற்றி ஈரத்துணி கட்டுகிறேன்.

புதுச் சட்டம்: கண்ணால் பார்த்து ஊற்றக் கூடாது. விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஒட்டினால் வேண்டாம். உதிர்ந்தால் ஊற்று. நடுக்கொத்தில் ஊற்றாதே, ஓரமாகச் சுற்றி ஊற்று.

பிழைத்துக்கொள்வாள் போலிருக்கிறது. யாரிடம் சொல்ல? பூட்டைத் திறந்து நுழைந்து நானே டீ போட்டுக் குடித்தேன். சர்க்கரை கம்மியாக, எனக்குப் பிடித்த மாதிரி. நன்றாகவே இல்லை.

7.6.1998, ஞாயிறு

மாறனிடம் கடப்பாரையைக் கொடுத்தேன். "பின்பக்கம் சிமெண்டை உடைங்க."

"வீடு கட்டும்போது நீதானே செருப்பில் சேறு ஒட்டக் கூடாதுன்னு மொத்தத்தையும் பூசச் சொன்னே?"

"இப்ப நான்தான் உடைக்கச் சொல்றேன்."

சுற்றுச்சுவர் மூலையில் ஒரு முழம் சதுரம் உடைத்தார். சட்டை நனைந்துவிட்டது மனுஷனுக்கு. யார் காலும் படாதபடி சுற்றிச் செங்கல் வைத்தோம். பக்கத்து வீட்டு சந்திரம்மாள் ஒரு செம்பருத்திக் குச்சி கொடுத்தார். நட்டாயிற்று. கையைக் கழுவிக்கொண்டே மாறன் சொன்னார்: "அப்பாவுக்குத்தானே?" பின்னே, ராமகிருஷ்ணன் சாருக்கா?

14.6.1998, ஞாயிறு

அடி அண்ணாமலை போய் வந்தேன். மன்னிப்பெல்லாம் எனக்கு அழகாகக் கேட்க வராது. "பின்னால மண்ணு இருக்கு மாமா. செம்பருத்தி வச்சிருக்கேன். கால் படாது" என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "நாப்பது வருஷமா பூஜை பண்ணிட்டுச் செம்ப உங்க அத்தைகிட்டதாம்மா குடுத்தேன். அவ எங்க ஊத்துனான்னு நான் ஒரு நாளும் பார்க்கல. அவ போன மறுநாள் செம்ப வச்சிக்கினு நடு வூட்டுல நிக்கறேன், எங்க போறதுன்னு தெரியல."

வெளியே வந்து காட்டினார். கிணற்றடிக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை, அதன் அடியில் மட்டும் மண் மஞ்சளாக இருந்தது. தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அங்கே போகிற வழியில்தான் அன்றைக்கு வழுக்கி விழுந்திருக்கிறார்.

வாங்க மாமா என்றேன். "பாக்கலாம்" என்றார். வராதவர்கள் சொல்கிற பாக்கலாம்.

11.7.1998, சனி

பவானிசாகரில் அரசு ஊழியர் பயிற்சிக்கு ஆர்டர் வந்துவிட்டது. வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டது, இனி முடியாது. இரண்டு மாசம். மாறன் ஓசூரில். இவளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? சந்திரம்மாளைக் கேட்கலாம். ராமகிருஷ்ணன் சாரையே கேட்கலாம், பஜ்ஜி மிச்சம் என்று கொன்றே விடுவார்.

யாரையும் கேட்கவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் இதுக்கும் டிக்கெட்டா என்று கிண்டல் செய்தார். மாமா வீட்டுக் கூடத்தில் வைத்தேன்.

அவர் பின்னால் நகர்ந்தார். "எங்கிட்டயா? மறுபடியுமா?"

"உங்ககிட்டதான்." அவர் விரலைப் பிடித்து மண்ணுக்குள் விட்டேன். "ஒட்டுதா? ஒட்டுனா ஊத்தாதீங்க. ஒட்டலன்னா ஊத்துங்க. பால் கூடாது."

"பால் கூடாது" என்று திருப்பிச் சொன்னார், பரீட்சைக்குப் படிக்கிற பையன்போல.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பயம் வந்துவிட்டது. அவளுக்காக மட்டுமில்லை. அவள் அங்கே செத்தாள் என்றால், மாமா இந்த ஜன்மத்தில் நம் வீட்டு வாசல் மிதிக்க மாட்டார்.

2.8.1998, பவானிசாகர்

வகுப்பில் நாள் முழுக்க விதிமுறை. ஹாஸ்டல் பெண்களெல்லாம் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று எஸ்.டி.டி. பூத்தில் நிற்கிறார்கள். நான் போன் போட்டு, செடி எப்படி இருக்கு என்றேன். மாறன் போன ஞாயிறு போயிருந்தாராம். "அப்பா பூஜை முடிச்சதும் கையைக் கழுவிட்டுத்தான் அதும் பக்கத்துலயே போறார். விரல்ல விபூதி ஒட்டியிருக்குமாம்" என்றார். பூத்துக்குள்ளேயே சிரித்துவிட்டேன்.

13.9.1998, ஞாயிறு

நேற்றுப் பயிற்சி முடிந்து வந்து, இன்று காலையே மாறனோடு அடி அண்ணாமலை போனேன்.

நான் விட்டுப்போன செடி இல்லை அது! தொட்டி தெரியவில்லை. நாலு பக்கமும் இலை வழிகிறது, நுனியில் ஒரு கருகல் கிடையாது. கிணற்றுத் தண்ணீர். உப்பே இல்லாத தண்ணீர். மாமா கூடத்து ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், ரிசல்ட் பார்க்க வந்தவர் மாதிரி.

"மாமா, ஜெயிச்சிட்டீங்க" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மாறன் தொட்டியைத் தூக்கினார். மாமா விடவில்லை. பஸ்ஸில் இலை ஒடியும், பிடிக்கத் தெரியாது உனக்கு என்று மகனை அதட்டினார். "நானே மடியில வச்சிக்கினு வரேன்" என்றார். உள்ளே போனார். மஞ்சள் பையோடு வந்தார். வேலும் இருந்தது.

"அடுத்த பௌர்ணமி வரைக்கும் இருக்கறேன்." சரி மாமா. எந்தப் பௌர்ணமி வரைக்கும் வேண்டுமானாலும்.

20.10.1998, செவ்வாய்

தீபாவளி நேற்று. மழை விடவில்லை. மாமா மொட்டை மாடியில் அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடிக்கிறார், அவளுக்கு. காலையில் செம்பருத்திக்குச் சாமித் தண்ணீர், அப்புறம் கையைக் கழுவிவிட்டு இவளுக்கு விரல் சோதனை. அடைமழையில் வாரத்துக்கு ஒரு தரம்கூட அவள் கேட்பதில்லை.

இன்று நான் குடித்து மிச்சம் வைத்த டம்ளரைச் சும்மா அவள் பக்கம் சாய்த்தேன். "யாரைக் கேட்டு ஊத்தற?" என்றார். என் வீட்டில், என் செடிக்கு! மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் எனக்கு வருகிறது.

ஆனால் மஞ்சள் பை இன்னும் ஆணியில்தான். ஐப்பசிப் பௌர்ணமி வருகிறது. அத்தை போய் வருஷம் ஆகிறது. திதி கொடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவாரோ?

4.11.1998, புதன்

நேற்று மத்தியானமே மலை சுற்றக் கிளம்பினோம். முந்தின நாள் அத்தை திதி முடிந்திருந்தது. கிளம்பும்போது பார்த்தேன், மாமா தோளில் மஞ்சள் பை. ஆசிரமம் தாண்டி டீ குடித்தோம். நான்தான் வாங்கினேன். சூடு நாக்கில் உறைக்கவில்லை. போகாதீங்க மாமா என்று சொல்லிவிட வேண்டும், இந்த வேப்பமரம் வந்ததும், அந்தக் குளம் வந்ததும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே நடந்தேன். அடி அண்ணாமலை வந்துவிட்டது.

அவர் தெரு முனையில் நின்றார். "நீ இங்கயே இரு" என்றார்.

"மாமா, போகாதீங்க" என்றேன். அவ்வளவு கூட்டத்தில். "கதவு தொறந்திருந்தாதான் எனக்கு அது வீடு மாதிரி இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுப் பக்கம் போனார். நான் நின்றேன். எத்தனை பேர் இடித்துக்கொண்டு போனார்கள் என்று தெரியாது.

திரும்பி வந்தார். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பைக்குள் இரண்டு பெரிய பாட்டில், கழுத்துவரை கிணற்றுத் தண்ணீர்.

"மழைத்தண்ணியில புழு வச்சிடுச்சு. காலியா எடுத்தாந்தேன், ரொப்பிக்கினேன்" என்றார். ஒரு பாட்டிலை என்னிடம் கொடுத்தார். "நட. பாதியில வுடக் கூடாது."

வேல் அலமாரியில்தான் இருந்திருக்கிறது. வேட்டிகள் கொடியில். பையைப் பார்த்தேனே தவிர அதையெல்லாம் நான் பார்க்கவேயில்லை.

இன்று காலை, அத்தனை தூரம் சுமந்து வந்த தண்ணீரை ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கழுவி, மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். எடுத்து எனக்குக் காட்டினார். மண் ஒட்டியிருந்தது.

"இன்னிக்கு வேணாம்" என்றார். "நாளைக்குப் பாக்கலாம்."